அருவிக்கு மேலே

நீர்வீழ்ச்சி ஒன்றின் முன்னால் நிற்கும் மனிதன் எதைப் பார்க்கிறான் என்ற கேள்வி சில காலமாக என்னை விட்டு நீங்காமல் இருக்கிறது. பார்க்கும் பொருள் கண்ணெதிரே இத்தனை பிரத்தியட்சமாக, இத்தனை பேரோசையுடன் நிற்கும்போது அப்படியொரு கேள்விக்கே இடமில்லை என்று தோன்றலாம். ஆயினும், தியலும நீர்வீழ்ச்சியின் அடிவாரத்தில், வெல்லவாயப் பாதையோரத்தில் வேனை நிறுத்திவிட்டு, 220 மீட்டர் உயரத்திலிருந்து பாறையைத் தழுவியும் பாறையை விட்டு விலகியும் இறங்கிவரும் அந்த வெண்மையை அண்ணாந்து பார்த்து நிற்கும் எல்லோரும், அது பாறையின் விளிம்பில் பிறந்து நம் காலடியில் முடிகிறது என்றே உள்ளூர எண்ணிக்கொள்கிறோம். விளிம்புக்கு அப்பால் ஆகாயம் மட்டுமே இருக்கிறது என்ற மயக்கத்தைக் கண் தருகிறது. மனம் அதை மறுபேச்சின்றி ஏற்றுக்கொள்கிறது. அருவியின் சௌந்தரியத்தில் ஒரு பாதியேனும் இந்த மயக்கத்தினால் ஆனதோ என்பது என் சந்தேகம். மேலே என்ன இருக்கிறது, யார் இருக்கிறார்கள் என்பதை அறிந்த பின்னும் அந்தச் சௌந்தரியம் அப்படியே நிற்குமா, குறைந்துபோகுமா, அல்லது வேறொன்றாக உருமாறிவிடுமா என்பதுதான் என் சஞ்சலம். அறியாதவனாக இருந்தால் இந்தச் சஞ்சலம் எழ நியாயமில்லை. பண்டாரவளையில் வாழ்கிறவனுக்கு மேலே இருப்பவர்கள் அந்நியர்கள் அல்லர். அவர்களில் பலர் அவனுடைய இரத்த உறவுகள்.

எங்கள் பக்கத்துக் குடும்பங்களுக்கு ஊர் பார்க்கும் பிரயாணமும் கோயில் பிரயாணமும் பெரும்பாலும் ஒன்றுதான். கதிர்காமத்துக்கு நேர்த்தி இருக்கும். அதை முன்னிட்டு வேன் பேசப்படும். தேங்காய் ரொட்டியும் கட்டைச்சம்பலும் பொட்டலமாகக் கட்டப்படும். பிளாஸ்கில் சாயத்தண்ணி நிரப்பப்படும். வெல்லவாய வரைக்கும் இறங்குவதற்கு இரண்டு பாதைகள் உண்டு. எல்ல வழியாக இறங்கினால் இராவணன் நீர்வீழ்ச்சி குறுக்கிடும். அப்புத்தளை, பெரகலை, கொஸ்லந்தை என்று இறங்கினால் தியலும காத்திருக்கும். எந்தப் பாதையில் போனாலும் விழும் நீரைப் பார்க்காமல் சமவெளிக்குப் போக முடியாது என்பது இந்த மலையின் அமைப்பு. பெரகலைச் சந்தியைத் தாண்டியதும் மலை சட்டென்று தன் தெற்கு வாசலைத் திறந்துவிடுகிறது, மேகம் இல்லாத நாளில் கண்ணுக்கெட்டிய தூரம் வரைக்கும் தாழ்நிலம் புகைநீலமாகப் பரந்து கிடக்கிறது, காது அடைக்கிறது, போர்த்தியிருந்த துண்டுகள் ஒவ்வொன்றாக மடிக்கப்படுகின்றன, அரை மணி நேரத்துக்குள் குளிர்தேசத்து மனிதர்கள் உஷ்ணதேசத்து மனிதர்களாகிவிடுகிறார்கள். அப்படிப் போன ஒரு தடவை, கொஸ்லந்தையை நெருங்கும்போது சாரதி பாட்டின் ஓசையைக் குறைத்தார். யாரும் சொல்லி அவர் அதைச் செய்யவில்லை. ஏன் என்று யாரும் கேட்கவுமில்லை. மண்சரிவில் புதைந்த மீரியபெத்தை என்ற பெயரை ஒருவரும் உச்சரிக்கவில்லை. சில வளைவுகள் கழிந்த பின் பாட்டு மெல்ல மெல்லப் பழைய நிலைக்கு வந்தது. பிள்ளைகள் எழுந்து நின்று அருவி எங்கே, எங்கே என்று கேட்கத் தொடங்கினார்கள். என் சஞ்சலத்தின் வித்து அந்தச் சில வளைவுகளுக்குள்தான் இருக்கிறது. மறந்துபோய் மகிழ்ந்திருந்தால் அதற்கு மறதியே சமாதானம். நாங்கள் நினைத்தோம், நினைத்துக்கொண்டே போய் மகிழ்ந்தோம். அந்த இரண்டும் ஒரே நெஞ்சில் எப்படி இடம்பிடித்தன என்பது எனக்கு விளங்கவில்லை.

அருவியடியில் எங்களோடு வந்த சித்தி நின்ற விதம் வேறாக இருந்தது. பூனாகலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து, அங்கேயே பல வருஷம் கொழுந்தெடுத்து, பிறகு டவுனுக்கு வந்தவர் அவர். மற்றவர்கள் போட்டோவுக்கு இடம் பிடித்துக்கொண்டிருக்கையில், சேலை முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு, வெயிலுக்குக் கையைப் புருவத்தில் வைத்து, விழும் நீரை விட்டுவிட்டு அது விழத் தொடங்கும் விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மாங்காய்க்கு உப்பும் மிளகாய்த்தூளும் தூவி விற்றுக்கொண்டிருந்த மனிதரிடம் சிங்களத்தில் ஏதோ விசாரித்தார். மேலே எத்தனை நாளாக மழை என்பதுதான் விசாரணை. திரும்பி வந்து என்னிடம், “தண்ணி கலங்கி வருது பாத்தியா தம்பி, மேல மண்ணு கரையுது” என்றார். நான் மறுபடியும் பார்த்தேன். அதுவரைக்கும் சுத்த வெண்மை என்று நான் எண்ணிக்கொண்டிருந்த நீரின் மடிப்புகளில், குறிப்பாக அது பாறையின் நடுத்திட்டில் மோதித் திரும்பும் இடத்தில், சாயம்போன துணியின் பழுப்பு ஒன்று ஓடிக்கொண்டிருப்பது அவர் சொன்ன பிறகே தெரிந்தது. “இது நாங்க துணி தொவைச்ச ஆறுதான். அங்க இதுக்குச் சத்தமே இருக்காது. இங்க வந்து இப்பிடி விழுதுன்னு மேல இருக்கிறப்ப யாரு நெனைச்சது” என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். அவர் சொன்னது சத்தியம். தியலுமவாக விழுவது பூனாகலை ஓயா. தேயிலை மலைகளுக்கு ஊடே, தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்குப் பக்கத்தில், பெயர் பெறாத பல ஓடைகளைச் சேர்த்துக்கொண்டு வரும் ஒரு சாதாரண ஆறு, மலையின் தெற்குச் சுவர் தீர்ந்துபோகும் இடத்தில், வேறு வழியின்றிக் கீழே இறங்குகிறது. நாம் அதற்குப் பெயர் வைத்தோம், பலகை நாட்டினோம், வேன் பிடித்துப் போய்ப் பார்க்கிறோம்.

அருவியைப் பார்ப்பது என்பதே நம்மவர்களுக்கு அவ்வளவு பழைய பழக்கமாகத் தெரியவில்லை. குற்றாலத்துக்குப் போகிறவர்கள் அருவியைப் பார்க்கப் போவதில்லை. அதற்குத் தலையைக் கொடுக்கப் போகிறார்கள். சாரல் காலத்தில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு அதன் கீழே நின்று, மூச்சுத் திணறி, உடம்பு முழுவதும் அடிவாங்கி, விலகி வந்து நடுங்கி, மீண்டும் உள்ளே நுழையும் அந்த அனுபவத்தில் அருவிக்கும் மனிதனுக்கும் இடையே தூரமென்று ஒன்றில்லை. தூரத்தில் நின்று, உயரத்தை மனத்தால் அளந்து, பிரமித்து, அந்தப் பிரமிப்பையே இன்பமாக அனுபவிக்கும் ரசனை வேறு வகையானது. ஐரோப்பாவில் பதினெட்டாம் நூற்றாண்டு அதைப் பெரிதும் விசாரித்தது. ஜெர்மானியத் தத்துவ ஞானி இம்மானுவேல் காண்ட் 1790இல் வெளியிட்ட நூலில், அழகுக்கு அப்பாற்பட்ட ஒரு மகத்துவ உணர்ச்சியை ஆராயும்போது, தலைக்குமேல் தொங்கும் பாறைகள், இடிமேகம், எரிமலை, சூறாவளி, கொந்தளிக்கும் சமுத்திரம் ஆகியவற்றோடு பேராறு ஒன்றின் உயர்ந்த அருவியையும் உதாரணமாக வைக்கிறார். இவற்றின் வல்லமைக்கு முன்னால் நம் சரீரபலம் ஒன்றுமில்லை என்று உணர்கிறோம்; ஆயினும் அந்தக் காட்சி அஞ்சத்தக்கதாக இருக்கும் அளவுக்கே நம்மை ஈர்க்கிறது; ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு, பார்க்கிற நாம் பத்திரமான இடத்தில் இருக்க வேண்டும் என்பது அவர் வாதம். தத்துவ நூலில் அந்த நிபந்தனை ஒரு சிறு வாசகமாக வந்து போய்விடுகிறது. மேலும் விவரிக்கத் தேவையில்லாத ஒன்றாக அது அவருக்குத் தோன்றியிருக்கலாம். நாங்கள் வாழும் ஊவா மலைகளில் அந்த நிபந்தனையே முழு விஷயமும். ஒரே நீர், ஒரே மழை, ஒரே மலை. அதில் பத்திரமான இடம் எது, அந்த இடத்தில் நிற்பவர் யார் என்பதைத் தீர்மானித்தது இயற்கை மட்டுமன்று. அடிவாரத்தில் நிற்கும் என் பிரமிப்புக்கு அடிப்படையாக இருக்கிற அபயம், அதே நீரின் மேற்பகுதியில் உறங்குகிறவர்களுக்கு வாய்க்கவில்லையென்றால், அந்தப் பிரமிப்பை நான் எந்த உரிமையில் என்னுடையது என்று கொள்வது?

மேலே நீரின் வாழ்க்கை எப்படியிருக்கிறது என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தோட்டத்தில் நீருக்கு முதல் ஸ்தலம் பீலிக்கரை. மலையின் பள்ளத்தில் கசியும் ஊற்று ஒன்றை மூங்கில் பாளையாலோ தகரத்தாலோ குழாயாலோ வெளியே நீட்டி விழச்செய்தால் அது பீலி. இருட்டு விலகுமுன்பே குடங்களும் வாளிகளும் அங்கே வரிசை பிடிக்கும். காலையில் வேலைக்கு ஆள் எடுக்கும் பெரட்டுக்குப் பேர் போட ஓடவேண்டிய பெண்கள் அதற்குள் தண்ணீர் பிடித்து, பிள்ளைகளைக் குளிப்பாட்டி, தாங்களும் முகம் கழுவியாக வேண்டும். இடுப்பளவு உயரத்திலிருந்து விழும் அந்தக் கைத்தடிமனான நீரும் அருவிதான் என்றால் யாரும் மறுக்க முடியாது. அதன் கனத்தையும் நிறத்தையும் வைத்து மலைக்குள் என்ன நடக்கிறது என்று சொல்லக்கூடியவர்கள் அங்கே இருந்தார்கள். மழை இல்லாத நாளில் பீலி கலங்கினால் ஒரு பொருள், நெடுநாள் ஓடிய பீலி திடீரென்று நின்றுபோனால் வேறொரு பொருள், ஊற்றே இல்லாத மண்திட்டில் புதிதாக ஈரம் கசிந்தால் மற்றொரு பொருள். நீருக்கு இரண்டாவது ஸ்தலம் கான். தேயிலை மலையின் சரிவுக்குக் குறுக்கே, ஏறக்குறைய சமமட்டமாக, 120 அடி ஓடினால் 1 அடி மாத்திரம் தாழுகிற விதத்தில் வெட்டப்படும் வாய்க்கால் அது. மழைநீர் சரிவோடு நேரே பாய்ந்து மண்ணை அள்ளிக்கொண்டு போகாதபடி அதை இடையில் மறித்து, நிதானப்படுத்தி, பக்கவாட்டில் நடத்திக்கொண்டுபோய்ப் பெரிய கானில் சேர்க்க வேண்டும்; உள்ளே விட்டுவிட்டுச் சிறு மண்வரம்புகளை நிறுத்தி வண்டலைத் தங்கவைத்து நீரை மட்டும் மேலால் கடத்த வேண்டும்; தங்கிய வண்டலை மறுமழைக்கு முன் வாரி எடுத்து மேல்வரிசைத் தேயிலைத் தூரில் போடவேண்டும். கான் வெட்டுகிறவன் மண்வெட்டி ஒன்றைத் தவிர வேறு கருவி இல்லாமல், கண்ணாலேயே அந்த நுட்பமான தாழ்வைப் பிடிப்பான். ஆதியில் இந்த மலைகளில் காடு இருந்தது. கோப்பிக்காகக் காடு அழிக்கப்பட்டது. 1869இல் தலைகாட்டிய இலைநோயில் கோப்பி அழிந்து அதன் இடத்தில் தேயிலை வந்தது. காடு தன் வேர்களால் செய்துகொண்டிருந்த காவலை அதன் பிறகு கூலிக்காரர்கள் மண்வெட்டியால் செய்யவேண்டியதாயிற்று. அந்த மண்வெட்டி ஓய்ந்தால் மலைக்குக் காவல் இல்லை. “இப்ப கானு வாரத்தான் ஆளில்லையே” என்று சித்தி சொன்னதை ஒரு வயோதிகரின் வழக்கமான அங்கலாய்ப்பு என்று தள்ளிவிட என்னால் இயலவில்லை.

காலங்களும் இங்கே விசித்திரமாக எதிர்த்திசைகளில் ஓடுகின்றன. ஜூலை தொடங்கிச் செப்டம்பர் வரைக்கும் ஊவாவில் வறண்ட காற்று வீசும். இலை சுருங்கி, சாறு கெட்டிப்பட்டு, கொழுந்துக்கு அந்தக் காலத்தில்தான் உலகச் சந்தையில் பேர்பெற்ற அந்த வாசம் ஏறுகிறது. லண்டனிலும் டோக்கியோவிலும் ஊவாத் தேயிலை என்று நாவால் இனங்கண்டு விலைகொடுத்து வாங்குகிறவர்கள் தேடுவது அந்த மாதங்களின் கொழுந்தையே. அதே மாதங்களில் தியலும மெலிந்து, பாறையில் ஒட்டிய நூலாகத் தொங்கும். பார்க்க வந்தவர்கள் ஏமாந்து திரும்புவார்கள். அக்டோபர் பிறந்து இடைப்பருவ மழை இறங்கி, அதன் பின்னால் வடகீழ்ப் பருவமழையும் சேர்ந்துகொள்ளும்போது அருவி தன் முழு மகத்துவத்தை அடைகிறது. அடிவாரத்தில் நின்று பேசினால் பக்கத்தில் நிற்பவர் காதிலும் விழாது; பாதை வரைக்கும் நீர்த்திவலை வந்து முகத்தை நனைக்கும். சுற்றுலாக்காரர் எந்த வாரத்தை அருவிக்கு நல்ல வாரம் என்று சொல்வாரோ, மேலே லயத்தில் இருக்கிறவர்களுக்கு அந்த வாரமே கண்மூடாத வாரம். ராத்திரியில் தகரக் கூரையில் விழும் மழையின் கனத்தைக் காதால் நிறுத்துப் பார்த்துக்கொண்டு, துணிமணியையும் அடையாள அட்டையையும் ஒரு பையில் கட்டித் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுப்பவர்கள் அவர்கள். இந்த ஒரு விஷயத்தில் அருவியின் அழகும் மனிதரின் அபாயமும் ஒரே அளவுகோலால் அளக்கப்படுகின்றன; ஒன்று ஏறினால் மற்றதும் ஏறுகிறது. இதற்கு நான் காணும் சமாதானம் எதுவும் எனக்கே திருப்தி அளிப்பதாயில்லை.

2014 அக்டோபர் 29ஆம் திகதி காலையில், தீபாவளி கழிந்து சரியாக ஒரு வாரம் ஆகியிருந்த வேளையில், கொஸ்லந்தைக்கு மேலேயுள்ள மீரியபெத்தையில் மலை சரிந்தது. பள்ளிக்கூடத்துக்குப் புறப்பட்டுவிட்ட பிள்ளைகள் சிலர் திரும்பி வந்தபோது வீடும் இல்லை, வீட்டார் இருந்த அடையாளமும் இல்லை. லயங்களும் கோயிலும் மண்ணுக்குள் போயின. முப்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர், அல்லது காணாமற்போயினர். தேடுதல் நிறுத்தப்பட்டபோது பலருடைய உடல்கள் அந்த மண்ணிலேயே தங்கிவிட்டன. அந்த இடம் அபாயமானது என்பதைத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது என்ற செய்தி அதன் பிறகு எல்லோருக்கும் தெரிந்தது. சொல்லியும் ஏன் போகவில்லை என்று கேட்டவர்கள் உண்டு. எங்கே போவது என்ற பதில்கேள்விக்கு அவர்களிடம் விடை இல்லை. தான் குடியிருக்கும் அறையும் அதன் வாசலும் வாசலில் நட்ட பூச்செடியின் மண்ணும் தோட்டத்துக்கு உரியவையாக இருக்கையில், தலைமுறை தலைமுறையாக அங்கே உழைத்தவனுக்கு ஒரு பேர்ச் காணிக்குக்கூட உறுதி இல்லாதிருக்கையில், இடம் பெயர்வதென்பது ஓர் இடம் இருப்பவனுக்கு மாத்திரமே சாத்தியமான காரியம். லயத்தை எங்கே கட்டுவது என்று தீர்மானித்தவர்கள் அங்கே உறங்கியவர்கள் அல்லர். மீரியபெத்தையில் தப்பியவர்கள் தேயிலைத் தொழிற்சாலைக் கட்டடத்தில் தங்கவைக்கப்பட்டு, ஏறக்குறைய இரண்டு வருஷம் காத்திருந்த பின்பே வீடு பெற்றார்கள். 2023 மார்ச்சில் பூனாகலையின் கபரகலைத் தோட்டத்தில் மறுபடியும் மண் இறங்கி லயங்களை உடைத்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கொண்டுவந்த மழையில் பதுளை மாவட்டமெங்கும் மலைகள் சரிந்தன. இவற்றை நான் வரிசைப்படுத்துவது கணக்குக்காக அன்று. விழும் நீரை நாம் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த ஆண்டுகள் இவை என்பதை எனக்கு நானே சொல்லிக்கொள்வதற்காகத்தான்.

இவ்விடத்தில் வேறொரு நீர்வீழ்ச்சியின் கதை நினைவுக்கு வருகிறது. தலவாக்கலைக்கு அருகிலுள்ள சென் கிளேயர் அருவி, 2012இல் இயங்கத் தொடங்கிய மேல் கொத்மலை நீர்மின் திட்டத்தால் தன் இயற்கையான பிரவாகத்தை இழந்தது. அருவி சாகக்கூடாது என்று குரல்கள் எழுந்தன. அதன் பேரில் பகற்பொழுதில் குறித்த மணிநேரத்துக்கு அணையிலிருந்து நீர் திறந்துவிடும் ஏற்பாடு உண்டாயிற்று. காலையில் விழத் தொடங்கி மாலையில் நின்றுவிடும் அருவியாக அது ஆயிற்று. அந்த ஏற்பாட்டை நான் குறைகூறவில்லை. அருவியின் அழகை ஒரு பொதுச் சொத்தாக மதித்து அதற்காக மின்சாரத்தில் ஒரு பங்கை விட்டுக்கொடுத்தது நாகரிகமான காரியம் என்றே எண்ணுகிறேன். அழகைப் பார்க்கிறவனின் கோரிக்கை ஒரு நேரசூசிகையாக நிறைவேறிய நாட்டில், அதே நீருக்கு மேலே உறங்குகிறவனின் கோரிக்கை எச்சரிக்கைக் கடிதமாகவே ஏன் நின்றுவிட்டது என்பதுதான் என் கேள்வி. எங்கள் பண்டாரவளையிலும் இதற்கு ஒரு மறுபக்கம் நடந்தது. உமா ஓயாத் திட்டத்துக்காக நிலத்தடியில் சுரங்கம் துளைத்துக்கொண்டிருக்கையில், 2014 டிசம்பரில், மீரியபெத்தை சரிந்து இரண்டு மாதம் பூர்த்தியாகுமுன், சுரங்கத்துக்குள் நீர் பீறிட்டது. அது எங்கிருந்து வந்த நீர் என்பதைப் பிறகு வற்றிப்போன கிணறுகளும், ஊற்றுகளும், வெடித்த சுவர்களும் சொல்லின. தலைமுறைகளாக நீர் கொடுத்த கிணற்றின் அடியை எட்டிப்பார்த்துவிட்டு பவுசர் வரும் வரைக்கும் வாளியோடு பாதையோரம் காத்திருந்தவர்கள் எத்தனையோ பேர். 2017 ஜூனில் பட்டணம் கடைகளை அடைத்துத் தெருவில் இறங்கியது. 2024 ஏப்ரலில் திட்டம் திறந்துவைக்கப்பட்டது. 120 மெகாவாட் மின்சாரத்துக்கு வல்லமையுள்ள அந்த நீர் இன்று மலையின் வயிற்றுக்குள்ளேயே பல நூறு மீட்டர் விழுகிறது. தியலுமவை விட ஆழமான அந்த வீழ்ச்சியைப் பார்க்க யாரும் வேன் பிடித்துப் போவதில்லை; பார்க்கவும் முடியாது. கண்ணுக்குத் தெரிகிற அருவியை மட்டும் அருவி என்று கொண்டாடும் ரசனை எவ்வளவு சிறிய பகுதியைப் பார்க்கிறது என்பதற்கு இதைவிட ஆதாரம் வேண்டியதில்லை.

ஆனால் என் வாதத்தை நானே எதிர்த்தும் பார்க்க வேண்டும். துயரம் நிகழ்ந்த மலையில் மகிழக்கூடாது என்றால் இலங்கையில் மகிழ்வதற்கு ஓர் அங்குல நிலமும் மிஞ்சாது. நினைவு என்ற பெயரில் பிள்ளைகளின் குதூகலத்தை அடக்குவது எந்தத் தர்மத்தைச் சேர்ந்தது என்றும் கேட்கலாம். அத்துடன், மேலே இருப்பவர்கள் அபாயத்தின் வடிவங்களாக மட்டும் வாழ்கிறார்கள் என்று கீழே இருக்கிறவன் கற்பனை செய்துகொள்வதும் ஒருவகை அவமதிப்பே. பூனாகலை ஓயா விளிம்பை அடைவதற்கு முன் பாறைக் குழிகளில் தேங்கி நிற்கும் தடாகங்களில் வெயில் நாட்களில் குளித்துக் கும்மாளமிடுகிறவர்கள் உண்டு. வெள்ளைக்காரப் பயணிகளுக்கு அந்தப் பாறை வழியைக் காட்டிச் சம்பாதிக்கிற இளைஞர்கள் உண்டு. சித்தியும் அன்று கலங்கிய நீரைச் சுட்டிக்காட்டிய அதே கையால் மாங்காய்க் கீற்றை வாங்கித் தின்று, பேரப்பிள்ளையோடு நீரோரத்தில் கால் நனைத்தார். அவர் மகிழ்ச்சியில் எந்தக் குறையும் இருக்கவில்லை. அவரிடம் நான் கண்டது, நினைவும் மகிழ்ச்சியும் ஒன்றையொன்று துரத்தாமல் ஒரே பார்வையில் இருக்கக்கூடும் என்பது. அவர் அருவியை ரசித்தார், அதே வேளையில் அதை வாசிக்கவும் செய்தார். நிறத்தைப் பார்த்து மழையை அறிந்தார். மழையிலிருந்து மண்ணையும், மண்ணிலிருந்து அங்கே இன்னும் இருக்கிற மனிதர்களையும் எண்ணினார். அதனால் அருவி அவருக்குக் குறைந்துபோகவில்லை. எங்களுக்குத் தெரிந்ததைவிட நீளமான அருவியை அவர் பார்த்தார் என்றே சொல்லவேண்டும். அறிவு வந்தால் சௌந்தரியம் கெட்டுவிடும் என்ற என் முதல் சந்தேகத்துக்கு அவருடைய பார்வை ஒருவாறு விடை சொல்லிவிட்டது. மிஞ்சி நிற்கிற சஞ்சலம் வேறு வகையானது. பார்ப்பதற்குக் கற்றுக்கொண்டால் மட்டும் போதுமா என்பதே அது.

போதாது என்றுதான் நினைக்கிறேன். அன்று அருவியை விட்டுப் புறப்பட்டு வெல்லவாயவையும் தணமல்விலவையும் கடந்து போனபோது, நாங்கள் பார்த்த நீரும் குட ஓயாவாகவும் கிரிந்தி ஓயாவாகவும் பெயர் மாறிக்கொண்டு எங்களோடு தெற்கே வந்துகொண்டிருந்தது. லுணுகம்வெஹெர நீர்த்தேக்கத்தில் தங்கி, திஸ்ஸமகாராமவின் வயல்களுக்குப் பிரிந்து, நெல்லாகி, எங்கள் சந்தைக்கே அரிசியாகத் திரும்பி வருவதும் அதில் ஒரு பங்காக இருக்கலாம். மேலே பீலியில் கை நனைத்த பெண், நடுவே அண்ணாந்து நிற்கும் பயணி, கீழே மடை திறக்கும் கமக்காரர் ஆகிய மூவருக்கும் அந்த நீர் பொதுவானது. பொதுவாக இல்லாதது, அதன் வேகத்துக்கு முன்னால் பத்திரமாக இருக்கும் பேறு ஒன்றே. அந்தப் பேறு ஆகாயத்திலிருந்து வருவதில்லை. சரியாத இடத்தில் சொந்த உறுதியோடு ஒரு காணித்துண்டு, அதில் ஒரு வீடு, மாதந்தவறாமல் வாரப்படும் கான், எச்சரிக்கை வரும்போது போய்ச் சேருவதற்கு ஓர் இடம் என்று மனிதர் செய்து கொடுக்கக்கூடிய காரியங்களிலிருந்தே அது வருகிறது. இவற்றைக் கேட்பது தொழிற்சங்கக்காரரின் வேலை, அரசியல்வாதியின் வேலை, அழகை நாடிப் போகிறவனுக்கு அதில் என்ன என்று ரசிகன் ஒதுங்கிக்கொள்ள முடியாது. கூரையில் விழும் மழையை எண்ணிக்கொண்டு விழித்திருக்கிறவனுக்கு அருவியைப் பார்க்கும் மனம் எங்கிருந்து வரும்? அந்த மனம் தனக்கு வாய்த்திருக்கிறது என்பதொன்றே, வாய்க்காதவர்களுக்காகக் கேட்கும் கடமையை ரசிகன்மீது வைத்துவிடுகிறது.